ஃபிரிட்ஜுக்கு வைத்த பொட்டு

1. பதினைந்தாவது கடை

எங்கள் கடைப் படி ஏறுவதற்கு முன் மகாலிங்கம் சார் பதினான்கு மருந்துக் கடைகளில் கேட்டுவிட்டு வந்திருந்தார். நான் விசாரிக்கவில்லை. கவுண்ட்டர் கண்ணாடிமேல் கையை ஊன்றிக்கொண்டு அவரே கணக்கு சொன்னார். திருநின்றவூரில் மூன்று, பட்டாபிராமில் இரண்டு, ஆவடியில் ஆறு, பூந்தமல்லிக்குப் பஸ் பிடித்துப் போய் மூன்று. பதினைந்தாவது நாங்கள்.

"இல்லைன்னு சொல்லுததுன்னா இப்பமே சொல்லிருங்கம்மா. உள்ள போய்த் தேடிப் பாத்துட்டு வந்து சொல்லாதீங்க. முட்டி வலிக்கி," என்றார்.

சீட்டை வாங்கிப் பார்த்தேன். நெஞ்சு டாக்டர் எழுதியது. ஃப்ளூ தடுப்பூசி ஒன்று, அவர் மனைவி தனலட்சுமி பெயரில். அடியில் 'மழைக்கு முன்' என்று எழுதி இரண்டு கோடு இழுத்திருந்தார். அப்போது புரட்டாசி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஆவடி மார்க்கெட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த அந்த மெடிக்கலில் நான் பார்மசிஸ்ட். சேர்ந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. இப்போது வேலையை விட்டு வீட்டில் இருக்கிறேன். புதிதாகக் கவுண்ட்டரில் நிற்கப் போகிற பிள்ளைகளுக்காக ஏதாவது அனுபவம் எழுதித் தரச் சொன்னார்கள். மற்றவர்கள் தங்கள் சாமர்த்தியத்தை எழுதுவார்கள். நான் எங்கள் கடையில் நடந்த கூத்தை எழுதுகிறேன். அதில் எனக்கும் பங்கு உண்டு.

மகாலிங்கம் சார் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலையில் முப்பத்து நாலு வருஷம் வெல்டர். குவார்ட்டர்ஸிலேயே பிள்ளைகளை வளர்த்து, ரிட்டயர் ஆனதும் திருநின்றவூரில் மனை வாங்கி வீடு கட்டிக்கொண்டு போனவர். பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூரில். வீட்டில் அவரும் அவர் மனைவியும்தான்.

"அவளுக்குப் போன மழையில சும்மா காய்ச்சல்னுதான் ஆரம்பிச்சது. பதினோரு நாள் ஆக்ஸிஜன் வச்சாங்க. டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டு, இன்னொரு மட்டம் இப்படி வந்தா தாங்க மாட்டாங்கன்னுட்டாரு," என்றார். குரலைத் தணித்துக்கொண்டு, "அவளுக்கு அது தெரியாது பாத்துக்கிடுங்க," என்றார்.

சுகாதார நிலையத்தில் கேட்டீர்களா என்றேன். அங்கேயும் கேட்டிருக்கிறார். குழந்தைகளுக்குப் போடுகிற ஊசிதான் இருக்கிறதாம், பெரியவர்களுக்கான ஃப்ளூ ஊசி வெளியில் வாங்க வேண்டியதாம். வெளியில் என்றால் யாரிடம் என்பதை ஒருத்தரும் சொல்லவில்லையாம்.

2. ஆள் பிடித்தல்

எங்களைப் போன்ற சின்னக் கடைகளில் ஏன் அந்த ஊசி இருப்பதில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருஷத்து ஊசி அடுத்த வருஷத்துக்கு ஆகாது. கிருமி சட்டையை மாற்றிக்கொண்டே இருக்கும், ஊசியையும் வருஷா வருஷம் மாற்றுவார்கள். விற்காவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் எந்தக் கடைக்காரரும் கையைச் சுட்டுக்கொள்ளத் தயாரில்லை. எங்களுக்கு மொத்தமாக மருந்து தருகிற பூந்தமல்லி ஸ்டாக்கிஸ்ட் அதைவிடக் கறார். ஒற்றை ஊசிக்கெல்லாம் ஐஸ் பெட்டி கட்டி ஆள் அனுப்ப மாட்டார். எடுத்தால் பத்து.

போனைப் போட்டுக் கெஞ்சிப் பார்த்தேன். "மேடம், ஒரு ஊசிக்கு ஒரு பெட்டி, ஒரு பெட்டிக்கு ஒரு ஆளு. மெட்ரோ தோண்டி வெச்சிருக்கற ரோட்ல அவன் வந்து சேர்றதுக்குள்ள ஐஸ் தண்ணி ஆயிடும். பத்து பேர் பேரு குடுங்க, மறுநாள் பெட்டி வரும்," என்றார்.

இதை அப்படியே மகாலிங்கம் சாரிடம் சொன்னேன். வருத்தப்படுவார் என்று பார்த்தால் அவர் முகம் தெளிந்துவிட்டது.

"பத்து பேருதான? இதை மொதல்லயே யாராவது சொல்லியிருந்தா பூந்தமல்லிக்குப் போயிருக்கவே மாட்டேன்லா," என்றார்.

அவர் வேலையில் இருந்தபோது யூனியனில் சந்தா வசூலித்தவர் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு பழைய குவார்ட்டர்ஸ் சிநேகிதர்கள் வீடு வீடாகக் கிளம்பிவிட்டார். எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள், ஆளுக்கொரு சர்க்கரை, ஆளுக்கொரு பிரஷர். டாக்டர்கள் வருஷா வருஷம் போட்டுக்கொள்ளச் சொல்கிற ஆட்கள்தான். ஆனால் ஒருத்தருக்கும் அப்படி ஒரு ஊசி இருப்பதே தெரியாது. "கொரோனாவுக்குத்தான் ரெண்டு குத்தியாச்சே" என்று நாலு பேர் சொன்னார்களாம். அது வேறு கிருமி, இது வேறு கிருமி என்று இவர் விளக்கியிருக்கிறார். ஒருத்தர் பென்ஷன் மனு என்று நினைத்து நோட்டில் முதலில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பிறகுதான் என்ன ஏது என்று கேட்டாராம். தொழிற்சாலை கேண்டீனில் வேலை பார்த்த ராஜம்மா, அவருக்கு ஆஸ்துமா, "உனக்காகப் போட்டுக்கறேன் மகாலிங்கம், ஆனா வலிச்சா உன்னைச் சும்மா விட மாட்டேன்," என்று சொல்லிப் பெயர் கொடுத்திருக்கிறார்.

எட்டாம் நாள் நோட்டைக் கொண்டுவந்து நீட்டினார். பத்துப் பெயர், வயது, என்ன வியாதி, என்ன மாத்திரை, எல்லாம் கட்டம் போட்டு எழுதியிருந்தார். முதல் பெயர் தனலட்சுமி. பத்தாவது பெயர் மகாலிங்கம். நான் பதினோரு வருஷமாக எழுதிய எந்த ரிஜிஸ்டரும் அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

3. பூஜை

பெட்டி வந்தது ஆயுத பூஜைக்கு முதல் நாள் மாலை. தெர்மோகோல் பெட்டியைத் திறந்து, பத்து ஊசியையும் எண்ணி, ஃபிரிட்ஜில் நடுத்தட்டில் வைத்தேன். ஸ்டாக்கிஸ்ட் ஒரு சின்ன தெர்மாமீட்டரும் ஒரு சார்ட்டும் கொடுத்தனுப்பியிருந்தார். காலையும் மாலையும் டிகிரி பார்த்துக் குறிக்க வேண்டும். இரண்டுக்குக் கீழே போகக் கூடாது, எட்டுக்கு மேலே ஏறக் கூடாது. ஊசி போட வேண்டிய பக்கத்து கிளினிக் டாக்டரம்மா பூஜைக்கு இரண்டு நாள் லீவு. அதற்கு மறுநாள் காலை பத்து மணிக்குப் பத்துப் பேரும் வருவதாக ஏற்பாடு.

இங்கே எங்கள் முதலாளி முனுசாமியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அந்தப் பக்கத்தில் வயல் வைத்திருந்த குடும்பம். வயலெல்லாம் மனையான பிறகு ரோட்டோரத் துண்டில் கடை கட்டினார். மனசு வெல்லம். பக்தி அதைவிட அதிகம். கடையில் புதிதாக எது வந்தாலும் சாமி படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் வைத்து எடுத்துத்தான் அலமாரியில் அடுக்குவார். பேதி மாத்திரையாக இருந்தாலும் சரி.

ஆயுத பூஜை அன்று கடை காலையில் கிடையாது, சாயந்திரம் பூஜைக்குத்தான் திறப்பார். பத்து வருஷமும் நான் சாயந்திரம் போய்ப் பொரி, சுண்டல் வாங்கிக்கொண்டு வந்தவள்தான். அந்த வருஷம் சார்ட்டில் டிகிரி குறிக்க வேண்டுமே என்று காலை ஒன்பது மணிக்குப் போனேன். ஷட்டர் பாதி திறந்திருந்தது. உள்ளே சாம்பிராணி வாசனை.

ஃபிரிட்ஜ் கதவு விரியத் திறந்து கிடந்தது. முதலாளி பிளக்கைப் பிடுங்கி, வயரை அழகாகச் சுருட்டிக் கட்டியிருந்தார். உள்ளே துடைத்து, வெளியே கதவில் மூன்று இடத்தில் சந்தனம், குங்குமம், தலைக்கு மேலே ஒரு முழம் சாமந்தி.

எதிரே பலகையில் கத்தரிக்கோல், பில் புக், கால்குலேட்டர், பிரஷர் பார்க்கிற கருவி. அவற்றுக்கு நடுவில் ஊசி அட்டைகள் பத்தையும் கோபுரமாக அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்திருந்தார். கோபுரத்தின் உச்சியில் தெர்மாமீட்டர். அதற்கும் பொட்டு. ஒரு சாண் தள்ளித் தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது.

முதலாளி என்னைப் பார்த்து ரொம்ப சந்தோஷப்பட்டார். "வா ஜெயந்தி, நல்ல நேரத்துக்கு வந்த. கற்பூரம் ஒத்திக்க," என்றார்.

"ஃபிரிட்ஜை ஏன் சார் ஆஃப் பண்ணீங்க?"

"இன்னா கேக்கற நீ? வருஷம் பூரா ராவு பகல் பாக்காம ஓடிக்கினு கீது. கத்திரிக்கோலுக்கு இன்னைக்கு லீவு. பில் புக்குக்கு லீவு. அது மட்டும் இன்னா பாவம் பண்ணுச்சு?"

"வருஷா வருஷம் இப்படித்தான் பண்றீங்களா?"

"பின்ன? சாய்ந்தரம் நீ வர்றதுக்கு முன்னாடி திரும்ப மாட்டி உட்ருவேன்."

பத்து வருஷமாக என் இன்சுலின்கள் எல்லாம் வருஷத்துக்கு ஒரு நாள் விடுமுறை எடுத்திருக்கின்றன. இன்சுலினுக்காவது கொஞ்சம் பொறுமை உண்டு, அறையில் சில நாள் இருந்தாலும் சமாளித்துக்கொள்ளும். இந்த ஊசிக்கு அந்தப் பொறுமை கிடையாது. நான் பாய்ந்துபோய்த் தெர்மாமீட்டரை எடுத்துச் சந்தனத்தைத் துடைத்துப் பார்த்தேன். முப்பத்தொன்று.

4. முப்பத்தொன்று

அட்டையில் இருந்த கம்பெனி நம்பரைக் கூப்பிட்டேன். லீவு நாளிலும் ஒருத்தர் எடுத்தார், பாவம்.

"எத்தனை டிகிரி வரைக்கும் போச்சு மேடம்?"

"முப்பத்தொண்ணு."

"கரண்ட் கட்டா?"

"இல்ல. பூஜையில வெச்சுட்டாங்க."

"எவ்வளவு நேரம் வெளியில இருந்துச்சு?"

முதலாளியைப் பார்த்தேன். "எண்ணெ தேச்சுக் குளிச்சுட்டு வந்து எடுத்தேன். அஞ்சரையா ஆறரையா தெரில. கொயந்த மாரி பத்ரமாத்தான் எடுத்து வெச்சேன்னு சொல்லு," என்றார்.

"நேரம் சரியாத் தெரியலைங்க. பக்கத்துல கற்பூரம் வேற எரிஞ்சுது."

"மேடம், எங்களுக்கு ரெண்டுல இருந்து எட்டு. சரியா நேரமும் தெரியாது, டிகிரியும் முப்பதுக்கு மேலன்னா நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல. யாருக்கும் போட்டுடாதீங்க. என்ன காரணம்னு ஒரு மெயில் மட்டும் அனுப்பிடுங்க."

அந்த மெயிலை இங்கிலீஷில் எப்படி எழுதுவது என்று அரை நாள் யோசித்தேன். கடைசியில் 'உள்ளூர் வழக்கத்தின் காரணமாக' என்று எழுதி அனுப்பினேன். அதற்கு மேல் அவர்களும் கேட்கவில்லை.

மெயில் இருக்கட்டும். உண்மையான சண்டை அன்று காலை கடைக்குள்தான் நடந்தது. ஊசி கெட்டுப்போனதை முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை.

"சாமிக்கு வெச்ச பொருள் எப்டிமா கெட்டுப் பூடும்?"

"சாமிக்குப் பால் வெச்சா கெடாதா சார்?"

யோசித்தார். "பால் கெடும்."

"இதுவும் அப்படித்தான்."

"பால் திரிஞ்சா தெரியும். இது பாரு, தண்ணி மாரி அப்டியே கீது."

"அதுதான் சார் ஆபத்தே. கெட்டது தெரியாது. போட்டா ஒண்ணும் ஆகாது, ஆனா காப்பாத்தவும் காப்பாத்தாது. அந்த அம்மா போட்டுக்கிட்டோம்னு தைரியமா இருப்பாங்க."

முதலாளி குரலைத் தாழ்த்தினார். "இப்போ பிளக்கை மாட்னா ஒரு மணி நேரத்துல சில்லுனு ஆய்டும். உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வேற யாருக்குத் தெரியும்?"

அவர் கெட்டவர் இல்லை. பயந்துபோயிருந்தார். எனக்கும் பயம்தான், வேலை போய்விடுமோ என்று. சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருந்த என் ரிஜிஸ்ட்ரேஷன் சர்டிஃபிகேட்டைக் காட்டினேன். அதன் கண்ணாடியிலும் பொட்டு வைத்திருந்தார்.

"அதுல என் பேர் இருக்கு சார். நான் குடுக்க மாட்டேன். நீங்க குடுக்கறதா இருந்தா, தனலட்சுமி அம்மா வரும்போது நீங்களே உங்க கையால எடுத்துக் குடுங்க. நான் வெளியில நிக்கறேன்."

அட்டைகள்மேல் சிவப்பு மார்க்கரால் பெருக்கல் குறி போட்டேன். அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டு, "அந்தாளு நோட்டு போட்டுகினு வந்தாரே ஜெயந்தி," என்றார். அவர் கண் கலங்கியதை அன்றுதான் பார்த்தேன்.

மகாலிங்கம் சாருக்கு அவரே போன் செய்தார். நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். அடுத்த பெட்டி என் பொறுப்பு என்றார். அந்தப் பக்கம் இருந்து திட்டு எதுவும் வரவில்லை. ஒரே ஒரு கேள்விதான் வந்தது, ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"மழைக்கு இன்னும் எத்தன நாள் இருக்குங்க?"

ஊசி போட்டாலும் உடம்பில் வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும். மேற்கே அப்போதே மேகம் கட்ட ஆரம்பித்திருந்தது.

5. வழியில் நிற்காதீர்கள்

செய்தி பரவியதும் நாலு பேர் கழன்றுகொண்டார்கள். சகுனம் சரியில்லை என்றார்கள். ராஜம்மாவும் அதில் ஒருத்தர். "சாமியே வேணாம்னு சொல்லிடுச்சு, நீ இன்னா மகாலிங்கம் விட மாட்டேங்கற" என்று கேட்டாராம். மீதி ஆறு. ஸ்டாக்கிஸ்ட் அசையவில்லை. எடுத்தால் பத்து.

"நாலு பேரு நான் தர்றேன்," என்றார் முதலாளி. "நானு, எங்க ஊட்டு அம்மா, என் தம்பி. நாலாவது..." என்று என்னைப் பார்த்தார்.

பதினோரு வருஷம் கவுண்ட்டருக்குப் பின்னால் நின்று, எதிரில் நிற்கிறவர்கள் இருமுவதை முகத்தில் வாங்கியவள். ஒரு வருஷமும் நான் அந்த ஊசி போட்டுக்கொண்டதில்லை. வெட்கத்தோடு பெயர் கொடுத்தேன்.

முதலாளிக்குத் தூக்கம் போய்விட்டது. தினமும் ஒரு கேள்வி. மாத்திரையாகக் கிடைக்காதா, மூக்கில் விடுவார்களாமே, பழத்தில் வைத்துக் கொடுக்க முடியாதா. முப்பது வருஷம் ஊசி விற்ற மனுஷருக்கு ஊசி என்றால் நடுக்கம்.

ஒரு வாரம் கழித்துப் பெட்டி தயார் என்று ஸ்டாக்கிஸ்ட் சொன்னார். ஆனால் டெலிவரி ஆள் ஊருக்குப் போய்விட்டான். முதலாளியே கிளம்பினார், தம்பியை வண்டி ஓட்டச் சொல்லிப் பின்னால் உட்கார்ந்து பெட்டியைப் பிடித்துக்கொண்டு வருவதாக ஏற்பாடு. புறப்படும்போது சொன்னேன்.

"சார், டீ குடிக்க நிக்காதீங்க. பெட்டியைத் திறந்து பாக்காதீங்க. முக்கியமா, வழியில எந்தக் கோயில்லயும் நிக்காதீங்க."

"அம்மன் கோயில் முன்னாடி போவும்போது கும்பிடாம எப்டிமா?"

"மனசுல கும்பிடுங்க."

ஒன்றரை மணி நேரத்தில் வந்து இறங்கினார். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டதாம். பெட்டிமேல் ரெயின்கோட்டைப் போர்த்திவிட்டு அவர் நனைந்து வந்திருந்தார். "கன்னத்துல கூட போட்டுக்கல. கையில பொட்டி. நீ சொன்னது சரிதான், ஆத்தாளுக்குத் தெரியும்," என்றார். திறந்து தெர்மாமீட்டரைப் பார்த்தேன். ஐந்து டிகிரி. அப்படியே பக்கத்து கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு போனேன், எங்கள் ஃபிரிட்ஜை நம்பவில்லை.

6. பதினோராவது ஆள்

மறுநாள் காலை கிளினிக்கில் பத்துப் பேரும் ஆஜர். நான் வரிசையைப் பார்த்துக்கொண்டேன், மகாலிங்கம் சார் நோட்டைப் பார்த்துக்கொண்டார். டாக்டரம்மா ஒவ்வொருத்தரையும் காய்ச்சல் இருக்கிறதா, முன்பு ஊசி எதுவும் ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா என்று கேட்டு உள்ளே விட்டார். "போட்டுக்கிட்டா காய்ச்சலே வராதுன்னு நினைக்காதீங்க. வந்தாலும் பெரும்பாலும் லேசா போயிடும், ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ப் படுக்க வைக்கறது குறையும்," என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னார்.

முதலில் தனலட்சுமி அம்மா. அன்றுதான் அவரை நேரில் பார்த்தேன். மெலிந்த உடம்பு, வாசலிலிருந்து நாற்காலிக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்றார். ஊசி போட்டதும் எழுந்து, "இதுக்கா இவ்வளவு ஊர்வலம்," என்று கணவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஓரமாக உட்கார்ந்தார்.

அடுத்தது முதலாளி. கண்ணை இறுக்கிக்கொண்டு அம்மன் பெயரை முணுமுணுத்தார். "போட்டாச்சா? ஒண்ணுமே தெரில," என்று பெரிதாகச் சிரித்துவிட்டுக் கண்ணைத் திறந்தவர், பஞ்சில் இருந்த ஒரு சொட்டு ரத்தத்தைப் பார்த்தார். அப்படியே சரிந்தார். மூன்று பேர் தாங்கிப் பெஞ்சில் படுக்க வைத்தோம். மூச்சு வாங்குகிற தனலட்சுமி அம்மா நோட்டை வாங்கி அவருக்கு விசிறினார். "ஒண்ணுமில்ல தம்பி, கண்ணை முழிங்க. எனக்கே போட்டாச்சு," என்றார்.

மற்றவர்கள் சிரித்ததில் பயம் போய், வரிசை வேகமாக நகர்ந்தது. நானும் நடுவில் போட்டுக்கொண்டேன். ஒன்பது முடிந்து மகாலிங்கம் சார் ஒருத்தர்தான் பாக்கி. அந்த நேரத்தில் ராஜம்மா படியேறி வந்தார்.

"ராத்திரி பூரா இழுப்பு. மனசு கேக்கல, வந்துட்டேன். எனக்கு இருக்குதா?" என்று கேட்டார்.

பெட்டியில் ஒன்றுதான் இருந்தது. மகாலிங்கம் சார் ஒரு வினாடிகூட யோசிக்கவில்லை. நோட்டில் பத்தாவது வரியில் தன் பெயரை அடித்து, மேலே ராஜம்மா என்று எழுதினார்.

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். நீ போ," என்றார்.

டாக்டரம்மா ராஜம்மாவின் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, போடலாம் என்றார். எல்லாரும் மகாலிங்கம் சாரைப் பாராட்டினார்கள். நானும் கையைத் தேய்த்துக்கொண்டே, "பெரிய மனசு சார் உங்களுக்கு," என்றேன். அந்த வார்த்தையை இன்று நினைத்தாலும் எனக்கு என்மேல் எரிச்சல் வருகிறது.

7. குடையோடு வந்தவர்

ஐந்து வாரம் கழித்து, விடாத மழையில் ஒரு நாள் முற்பகல். கடை வாசலில் கணுக்கால் தண்ணீர். ஆட்டோவிலிருந்து குடையோடு ஒரு பெண் இறங்கி, சுவரைப் பிடித்து நின்று மூச்சு வாங்கி, படியேறினார். முகத்தில் மாஸ்க். இறக்கிய பிறகுதான் தனலட்சுமி அம்மா என்று தெரிந்தது.

"என்னம்மா ஆச்சு உங்களுக்கு? சார் வரலையா?"

"எனக்கு ஒண்ணுமில்ல. இவுகளுக்குத்தான் மூணு நாளா காய்ச்சல். எந்திரிக்க முடியல. டாக்டரம்மா வந்து பாத்துட்டு ஃப்ளூன்னு சொல்லிட்டாங்க," என்று சீட்டை நீட்டினார். "எனக்கு ஒரு தும்மல்கூட இல்ல. ராத்திரி பகலா பக்கத்துலதான் இருக்கேன். நல்ல ஊசிதான்."

மருந்தை எடுத்துக் கவரில் போட்டேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"ஒண்ணு கேக்கட்டுமாம்மா? எனக்கு என்ன வந்துரக்கூடாதுன்னு இவ்வளவு பாடுபட்டீங்களோ, அதை என்கூட ஒரே வீட்டுல, ஒரே தட்டுல சாப்பிடுத மனுஷன்தான எனக்குக் கொண்டாந்து தருவாக? அன்னைக்கு அவுக பேரை அடிக்கும்போது நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா? அவுகளுக்குத் தெரியாது. நீங்க படிச்சவங்க."

நோயாளியோடு கூட இருப்பவரும் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது எனக்குத் தெரியும். முதலாளியோடு அவ்வளவு சட்டம் பேசியவள், டிகிரிக்கு டிகிரி கணக்குப் பார்த்தவள். அந்த ஒரு நிமிஷம், ஒரு நல்ல மனுஷர் விட்டுக்கொடுக்கிற அழகைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி நின்றுவிட்டேன். ராஜம்மாவுக்குப் போட்டது தப்பில்லை. பதினோராவது ஊசிக்கு அன்றே நான் பத்துக் கடைக்குப் போன் போட்டிருக்க வேண்டும். தனலட்சுமி அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது ஊசியின் புண்ணியம், என் கெட்டிக்காரத்தனம் இல்லை.

"தப்பு என்னுதும்மா," என்றேன்.

"சரி விடுங்க. நல்லாயிருவாக," என்றார். பிறகு மாஸ்க்கை ஏற்றிக்கொண்டே, "போன வருஷம் அந்த நெஞ்சு டாக்டர் இவுககிட்ட என்னைப் பத்தித் தனியா என்ன சொன்னாருன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். கதவு இடுக்குல கேட்டுட்டேன். தெரிஞ்சா இவுக ஒடிஞ்சிருவாகன்னு சொல்லல. நீங்களும் சொல்லிராதீங்க," என்றார்.

மகாலிங்கம் சார் தேறுவதற்குப் பத்து நாள் ஆயிற்று. முதலாளி தினமும் ரசம் கொடுத்தனுப்பினார்.

பிள்ளைகளே, ஃபிரிட்ஜைப் பூட்டி வைத்துக்கொள்ளுங்கள், சார்ட்டை ஒழுங்காக எழுதுங்கள். அதெல்லாம் உங்கள் புத்தகத்திலேயே இருக்கும். நான் சொல்ல வந்தது ஒன்றுதான். அந்த மழைக்குப் பிறகு நான் வேலையை விடும் வரைக்கும், யார் ஃப்ளூ ஊசிச் சீட்டைக் கொண்டுவந்து நீட்டினாலும், எழுதியிருக்கிற பெயரைப் படிப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பேன்:

"உங்க வீட்ல கூட யார் இருக்காங்க?"